ஜெனரலுக்குப் போட்ட மாலை

கடைக் கதவின் மணி அடித்தபோது, மழை என்றும் சொல்ல முடியாத பனி என்றும் சொல்ல முடியாத ஒன்று வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த வயதான வெள்ளைக்கார அம்மா தன் சப்பாத்தைத் துடைக்கவில்லை. கையில் இருந்த பொதியைத்தான் முதலில் துடைத்தார்.

வெள்ளைத் தலையணை உறை ஒன்றுக்குள் தட்டையாக ஏதோ இருந்தது. அதைக் கவுண்டரில் வைத்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவதுபோல் உறையை மெல்ல இழுத்தார். காய்ந்த அப்பிள் வாசனை வந்தது.

"இவர்தான் ஜெனரல்" என்றார்.

உயிருள்ள ஒருவரை அறிமுகம் செய்கிற தொனி அது. நான் பழக்கத்தில் படத்தைப் பார்த்து வணக்கம் சொல்லியிருப்பேன், நல்லவேளை வாய் திறக்கவில்லை.

உள்ளங்கை அகலத்தில் பழுப்பேறிய படம். கனத்த மீசை, நெஞ்சு நிறையப் பதக்கங்கள், தோளில் குஞ்சம் வைத்த பட்டைகள், வாளின் பிடியில் ஒரு கை. குறுக்கே ஒரு மடிப்பு. இடது புருவத்துக்கு மேலே ஒரு கீறல்.

"மடிப்பை எடுங்க. கீறலை எடுத்துப்போடாதீங்க. அது படத்தில விழுந்ததில்ல. குதிரை உதைச்சது."

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் பேசியது ஆங்கிலம். அதுவும் கல்லை உருட்டுவது போன்ற ரஷ்ய ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அவர் பேச்செல்லாம் மட்டக்களப்புத் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். ரஷ்யர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பெயர் நீனா. ஜெனரல் அவருடைய தாயின் தகப்பன். மன்னர் காலத்து ரஷ்யப் படையில் இருந்தவர். நீனா அவரைக் கண்ணால் கண்டதில்லை.

"என்ட கண் மங்கிட்டுது. வீட்டைக் குடுத்திட்டு ஸ்ரௌவ்வில் பக்கம் முதியோர் இல்லத்துக்குப் போறன். ஒரே ஒரு அறை. கட்டில்ல படுத்திருந்து பார்த்தாலும் இவர்ட முகம் தெரியவேணும். பெரிசாக்கித் தருவீங்களா?"

கறுப்பு வெள்ளை வந்தால்

எங்கள் கடையைப் பற்றி இந்தத் தொடரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொல்லியிருக்கிறேன். இன்றைக்குத்தான் முதன்முறை படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒரு சிறிய பிளாசா. ஒரு பக்கம் இடியப்பக் கடை, மறுபக்கம் விமான டிக்கெட் போடுகிற இடம். நடுவில் நானும் என் கணவரும் படம் பெருப்பித்து, பிரேம் போட்டு விற்கிறோம். அவர் யாழ்ப்பாணம், நான் மட்டக்களப்பு. இத்தனை வருடங்களில் அந்தச் சண்டை மட்டும் இன்னும் தீரவில்லை.

பட்டமளிப்பு, பெரியபிள்ளையானவர்களின் சாமத்திய வீடு, கல்யாணம் எல்லாம் வரும். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது செத்தவர்கள்தான். ஒருவர் கண்ணை மூடினால் சொந்தக்காரர் மண்டபம் பிடிக்கப் போவதற்கு முன்னால் எங்களிடம் வருவார்கள். குடும்பப் படத்திலிருந்து அவரை மட்டும் வெட்டி எடுத்து, பின்னால் இளநீலம் போட்டு, கோட்டும் கழுத்தில் ரையும் மாட்டிவிடுவார் என் கணவர். வாழ்நாள் முழுக்கச் சாரத்தோடு இருந்த எத்தனையோ மனிதர்கள் எங்கள் தயவால் ரை கட்டிக்கொண்டு சுவரில் தொங்குகிறார்கள்.

அப்படிப் போகிற ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சந்தனச் சீவல் மாலை இலவசம். கண்ணாடியில் நெற்றிக்கு நேரே ஒரு பொட்டும் ஒட்டிக்கொடுப்போம். கலர்ப் படம் வந்தால் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் வயதானவர் வந்தால் கேட்கவே வேண்டாம். இது என் கணவருடைய சட்டம்.

இந்தச் சட்டத்துக்குள் வராத படம் ஒன்று கடையிலேயே இருக்கிறது. கல்லாவுக்கு மேலே, மாலையில்லாமல். என் தம்பி குகன்.

போர் நடந்த காலம், ஊரில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். ட்யூஷனுக்குப் போன ஒரு பின்னேரம் சந்தியில் வைத்துச் சீருடைக்காரர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள், சொன்னவர்கள் இல்லை. அம்மா பட்டாள முகாம் முகாமாக அலைந்தார். பிறகு எங்களோடு கனடாவுக்கு வந்தார். அப்போதும் கையில் அந்தப் படம்தான், பள்ளிக்கூட வெள்ளைச் சேர்ட்டோடு.

ஒரு நாள் அம்மா என் கணவரிடம் கேட்டார். "மருமகன், இவனுக்கு இப்ப மீசை வளர்ந்திரிக்கும். கொஞ்சம் போட்டுத் தாங்களன்."

இவர் உடனே கணினியில் உட்கார்ந்து மீசை வைத்துக் கொடுத்தார். சில வருடம் கழித்துக் கன்னத்தைக் கொஞ்சம் நிரப்பச் சொன்னார் அம்மா. பிறகு காதோரம் நரை. செத்தவர்களுக்குக் கோட்டு மாட்டிப் பழகிய கை, என் தம்பியை மட்டும் வளர்த்துக்கொண்டே வந்தது. இதற்காகவே இந்த மனிதரின் மற்றப் பிழைகளையெல்லாம் நான் பொறுத்திருக்கிறேன்.

"என்ட பிள்ளைக்கு ஆரும் மாலை போடப்படா" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா போனார். அவருடைய படத்துக்கு மாலை போட்டோம். தம்பி பள்ளிக்கூடச் சேர்ட்டுக்குள் நரைத்த தலையோடு நிற்கிறான். கடைக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டுக் குழம்புவார்கள். நான் விளக்கம் சொல்வதில்லை.

இன்னொரு பதக்கம்

ஜெனரல் தயாரானதும் நீனா வந்தார். என் கணவர் பெருமையோடு உள்ளிருந்து படத்தைத் தூக்கிவந்தார். பெரிய படம், கறுத்த மரச் சட்டம். மடிப்புப் போய்விட்டது, குதிரை உதைத்த கீறல் அப்படியே இருந்தது. பதக்கங்களை எண்ணலாம் போல் அத்தனை துல்லியம். அதற்கெல்லாம் மேலே, தோளிலிருந்து நெஞ்சுவரை, எங்கள் சந்தனச் சீவல் மாலை. நெற்றியில் பொட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. நீனாவுக்குச் சந்தோசம். குனிந்து மாலையை முகர்ந்து பார்த்தார்.

"நல்ல வாசம். இது என்ன பதக்கம்?"

"ஃப்ரீ" என்றார் என் கணவர்.

"பாருங்க, இத்தனை வருசத்துக்குப் பிறகு இவருக்கு இன்னுமொண்டு கிடைச்சிரிக்கு" என்று நீனா சிரித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டிபோல் நான் விளக்கத் தொடங்கினேன். எங்கள் ஆட்களில் உயிரோடு இருப்பவருக்குக் கழுத்தில் மாலை போடுவோம், போனவருக்குப் படத்தில் போடுவோம், இது போனவருக்குச் செய்கிற மரியாதை என்றேன்.

மாலையைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. நீனா உட்கார இடம் தேடினார். நான் கதிரையை நகர்த்தினேன். அவர் உட்கார்ந்து கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்தார். பிறகு எழுந்து மாலையைத் தானே கழற்றிக் கவுண்டரில் வைத்தார். கைக்குட்டையால் பொட்டைத் தேய்த்து எடுத்தார்.

"இவருக்கு வேணாம். எங்கட வீட்டில இவரைச் செத்தவர் எண்டு ஆரும் இன்னும் சொல்லல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தவரின் கண் கல்லாவுக்கு மேலே போனது. தம்பியின் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் இருந்த அம்மாவின் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவருக்கும் இல்லயே."

"ஓம்" என்றேன். ஜெனரலைத் தாளில் சுற்றத் தொடங்கினேன்.

அவர் போனதும் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆரைக் கேட்டு மாலை போட்டீங்க?"

"என்னப்பா, மன்னர் காலத்து மனுசன். உயிரோடை இருந்தால் நூற்றைம்பது வயசு தாண்டும். உதுக்கும் கேக்கவேணுமே?"

"கேக்கத்தான் வேணும்."

"பழக்கதோசம். விடுமப்பா" என்றவர், தம்பியின் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. கவுண்டரில் சந்தன மாலையும், நீனா மறந்துவிட்டுப் போன தலையணை உறையும் கிடந்தன.

வலது பக்கம்

உறையைக் கொடுக்கத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். பிளாசாவுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி. வீடு முழுக்க அட்டைப் பெட்டிகள். உறையைக் கையில் வாங்கிக்கொண்டு, போக விடாமல் தேநீர் வைத்தார். சீனிக்குப் பதிலாகச் செரிப்பழ ஜாம், சிறிய கரண்டியில், தனியாக. தேநீரில் போடக்கூடாதாம், வாயில் வைத்துக்கொண்டு குடிக்க வேண்டுமாம். எங்கள் ஊரில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத பிளேன்ரீ குடிப்போம் என்றேன். அதோடு எங்களுக்குள் கொஞ்சம் பனி கரைந்தது. நான் அவரை அன்ரி என்று கூப்பிடத் தொடங்கியதும் அன்றைக்குத்தான்.

பெட்டி கட்ட உதவுகிறேன் என்று அதற்குப் பிறகு பலமுறை போனேன். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்ததுதான் ஜெனரலின் கதை.

அர்கடி நிக்கொலாயெவிச். எங்கோ ஒரு சின்ன நகரத்தில், நிலபுலன் இல்லாத கீழ்நிலை அதிகாரியின் மகன். பால்பல் முழுதாக விழுவதற்கு முன்னரே படைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்கள். இரும்புக் கட்டில், முகம் கழுவ ஐஸ் தண்ணீர், விடிய எழுப்ப முரசு. அந்தப் பள்ளிக்கூடத்துக் கோவா சூப்பை, அதாவது முட்டைக்கோஸ் சூப்பை, குடித்துக் குடித்து, பிறகு சாகும்வரை அவர் கோவாவைத் தொடவில்லையாம். "சாகும்வரை" என்று சொன்னது நீனாதான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கணக்கில் கெட்டிக்காரன் என்பதால் பீரங்கிப் படையில் போட்டார்கள். முதல் வேலை பாலைவனத்து ஓரத்தில் ஒரு மண் கோட்டை. தேளும் தூசியும் முலாம்பழமும். லீவில் வரும்போது, ஒரு வைத்தியரின் மகளுக்குக் கொடுப்பதற்காக முலாம்பழம் ஒன்றை மடியில் வைத்தபடியே நாள்கணக்கில் ரயிலில் வந்தாராம். வந்து சேர்ந்தபோது பழம் அழுகி, காற்சட்டையெல்லாம் கறை. கல்யாணம் நடந்தது.

ஜப்பானோடு நடந்த போரில் மஞ்சூரியாவில் நின்றார். அங்கே அவருடைய பீரங்கிகளே அவருடைய இடது காதை எடுத்துவிட்டன. அதன் பிறகு மனைவி எப்போதும் அவருக்கு வலது பக்கமாகத்தான் நடப்பார். கேட்கிற காது அந்தப் பக்கம்.

இதைச் சொன்ன அன்று மருந்துக் கடைவரை நீனாவோடு நடந்தேன். நடைபாதை அகலமாகக் கிடந்தது. ஆனாலும் அவர் வலது ஓரத்தை ஒட்டியே போனார். நான் அவருக்கு இடப்பக்கம் வந்தால், மெல்ல நின்று, என்னை முன்னே விட்டார். எனக்கு விளங்கவில்லை.

"அவர் பக்கத்தில இல்லாத காலத்திலயும் அம்மம்மா அவருக்காக இடது பக்கத்தை விட்டே நடப்பா. அதைப் பார்த்து அம்மா. அம்மாவைப் பார்த்து நான்" என்றார். "எனக்கு இப்ப மாத்தி நடக்கத் தெரியாது."

இதைக் கேட்டுவிட்டு நான் தெருவில் நின்று அழுதேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள்.

அடுத்த கப்பல்

பெரிய போர், அதாவது முதலாம் உலகப் போர், வந்தபோது அவர் ஜெனரலாகிவிட்டார். ஜெனரல்மாரின் நீண்ட கோட்டுக்கு உள்ளே சிவப்புத் துணி வைத்துத் தைத்திருப்பார்களாம். வீட்டுக்கு வருகிற நாட்களில் மகள், அதாவது நீனாவின் தாய், அந்தக் கோட்டைப் போர்த்துக்கொண்டுதான் தூங்குவாள். கண்ணைத் திறந்தால் எல்லாம் சிவப்பாய்த் தெரியும்.

புரட்சி வந்தது. தெருவில் அதிகாரிகளின் தோள்பட்டைகளைப் பிய்த்தெறிந்தார்கள். வேறு ஒருவன் பிய்க்க விடக்கூடாது என்று அவர் தானே கத்தரிக்கோல் எடுத்து வெட்டினாராம். பிறகு தெற்கே, புரட்சிக்காரரிடம் தோற்றுக் கடல்வரை பின்வாங்கிய படையோடு குடும்பமாகப் போனார்கள்.

கிரிமியாவில் ஒரு துறைமுகம். குளிர். கப்பலில் ஏற முட்டி மோதுகிற சனம். கரையில் விடப்பட்ட குதிரைகள். மனைவியையும் மகளையும் ஏற்றிவிட்டார். தன் கோட்டைக் கழற்றி மகளின் மேல் போட்டார். தன்னுடைய பீரங்கிப் பிரிவு ஒன்று இன்னும் வந்து சேரவில்லை, அவர்களை ஏற்றிக்கொண்டு அடுத்த கப்பலில் வருகிறேன் என்றார்.

"அவ்வளவுதான்" என்றார் நீனா.

இஸ்தான்புல்லில் மனைவி ஒவ்வொரு கப்பலாகப் பார்த்து நின்றார். பிறகு பெல்கிரேட். கோட்டுத் துணியில் மகளுக்குச் சட்டை தைத்தார், மிச்சத்தில் பின்னாளில் நீனாவுக்கு ஒரு சிவப்பு ஜக்கெட். அந்த ஜக்கெட்டோடுதான் நீனா இன்னொரு போரைக் கடந்து, அகதி முகாம் கடந்து, கனடாவுக்குக் கப்பலேறினார்.

அவர்களுடைய ரஷ்யக் கிறிஸ்தவக் கோயிலில் மெழுகுதிரி வைக்க இரண்டு இடம் உண்டு. சாமிப் படங்களுக்கு முன்னால் உயரமான வட்டத் தட்டு, அது இருப்பவர்களுக்காக. ஓரத்தில் சிலுவைக்கு அடியில் தாழ்ந்த சதுர மேசை, அது போனவர்களுக்காக. அம்மம்மா ஜெனரலுக்காக ஒவ்வொரு ஞாயிறும் வட்டத் தட்டில்தான் வைத்தார். சதுர மேசைக்குக் கொண்டுபோவதில்லை என்று மகளிடம் சத்தியம் வாங்கினார். மகள் நீனாவிடம் வாங்கினார்.

"நூற்றைம்பது வயசு தாண்டுமே, அன்ரி" என்றேன். என் கணவரின் கணக்குத்தான்.

"எனக்கும் கணக்குத் தெரியும், பிள்ளை."

பெட்டியை மூடி ஒட்டுநாடா போட்டார். பிறகு விசயத்துக்கு வந்தார். போகிற இடத்திலிருந்து கோயில் வெகு தூரம். கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. பிள்ளைகளும் இல்லை. அவர் போய்விட்டால் ஜெனரலுக்கு இந்தத் தட்டிலும் இல்லை, அந்த மேசையிலும் இல்லை.

"அந்தக் கரையிலயே நிண்டுகொண்டிருப்பார். அதை நினைச்சாத்தான் நித்திரை வருதில்ல. நான் போக முன்னம் அவரை ஒரு இடத்தில சேர்க்கவேணும். ஆனா சத்தியம் பண்ணினவள் நான். என்ட கையால ஏலாது. நீ வந்து அந்த மேசையில வைப்பியா?"

நான் கேட்ட கேள்வி

நான் உடனே ஓம் என்று சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

எங்கள் கடையில் சீருடைப் படம் எதையும் நான் சுவரில் மாட்டவிட்டதில்லை. ஜெனரல் பிரேமுக்குள் இருந்த அந்தச் சில நாட்களும் அவரை முகம் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பியே வைத்திருந்தேன். நீனாவுக்கு அது தெரியாது. அம்மா உயிரோடு இருந்து, நான் பட்டாளத்துக்காரன் ஒருவனுக்கு விளக்கு வைக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டால் என்ன சொல்வார் என்று யோசித்தேன்.

அதனால் கேட்டேவிட்டேன். "அன்ரி, உங்கட ஜெனரல் ஆரையும் வீட்டிலயிருந்து பிடிச்சிக்கொண்டு போகச் சொன்னவரா?"

மழுப்புவார் என்று நினைத்தேன். அவர் மழுப்பவில்லை. ஜாம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஓம். ஜப்பான் போருக்குப் பிறகு குடியானவங்க மன்னருக்கு எதிராக் கிளம்பின நேரம், ஒரு கிராமத்தை அடக்க அவரை அனுப்பினவங்க. வீடுகள எரிச்சதாம். ஆம்பிளைகளக் கொண்டுபோனதாம். அம்மம்மா அதைச் சொன்னதேயில்ல. அம்மாதான் ஒருக்காச் சொன்னா." கரண்டியை மேசையில் நேராக்கினார். "அவர்ட கையால பிள்ளையைப் பறிகுடுத்திட்டுக் காத்திருந்த தாய்மாரும் இருந்திருப்பாங்க. அவங்களுக்காகவும் நான் மெழுகுதிரி வைக்கிறனான். பேர் தெரியாது. பேரில்லாமலே வைக்கிறன்."

அன்று கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரவுச் சாப்பாட்டின்போது என் கணவரிடம் சொன்னேன்.

"போம்" என்றார்.

"சீருடைக்காரனுக்கா?"

"சீருடைக்காரனுக்கெண்டு ஆர் சொன்னது? நீர் அந்த மனுசிக்கெல்லோ போறீர்." கையைக் கழுவிவிட்டு வந்து மேலும் சொன்னார். "நான் கூட்டிக்கொண்டு போறன்."

இரண்டு இடம்

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் கலைகிற நேரமாகப் பார்த்துப் போனோம். இவர் காரிலேயே இருந்துகொண்டார். வாசலில் நான் வழக்கப்படி குனிந்து சப்பாத்தின் நாடாவை அவிழ்த்துவிட்டேன். ஒரு கால் சப்பாத்தைக் கழற்றியும்விட்டேன். நீனா திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன பைத்தியமா, குளிரில?" என்றார். சப்பாத்தோடு சாமிக்கு முன்னால் போவதில் எனக்கு உள்ளங்கால் கூசியது. ஆனாலும் போட்டுக்கொண்டேன்.

உள்ளே மெழுகும் சாம்பிராணியும் நனைந்த கம்பளிக் கோட்டும் சேர்ந்த வாசனை. கதிரைகள் இல்லை. தலையில் சால்வை கட்டிய சில பெண்கள் மட்டும் நின்றார்கள். நீனா மெல்லிய மெழுகுதிரிகள் சிலவற்றை வாங்கி, ஒன்றை என் கையில் தந்தார். தேன் நிறம். கைச்சூட்டில் உடனே இளகத் தொடங்கியது.

சதுர மேசைவரை என்னோடு வந்தார். வழக்கம்போல் இடது பக்கத்தை விட்டே வந்தார். மேசைக்கு முன்னால் நின்றதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்.

"அர்கடி நிக்கொலாயெவிச்" என்றார். "பெயரைச் சொல்லி வை."

சொன்னேன். என் வாயில் அந்தப் பெயர் எப்படி வந்ததோ தெரியாது. பக்கத்துச் சுடரில் பற்றவைத்து, மேசையில் நிரப்பியிருந்த மணலில் குத்தினேன். சரிந்தது. திரும்பவும் குத்தினேன். இந்த முறை நின்றது. முலாம்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தவனுக்காக வைத்தேன். வீடு எரித்தவனுக்காக வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்பது எனக்குத் தெரியும்.

எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். முடிந்ததும் நீனா என் பக்கம் திரும்பி, இனி நீயும் உன் தம்பிக்கு மாலை போட்டுவிடு என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். வயதானவர்கள் அப்படித்தான். தங்களுக்கு ஒரு வழி கிடைத்தால் அடுத்தவருக்கும் அதையே காட்டுவார்கள். சொன்னால் என்ன பதில் சொல்வது என்று பற்களைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நீனா வாய்விட்டு அழவில்லை. சுடரைப் பார்த்து ரஷ்ய மொழியில் ஏதோ மெல்லச் சொன்னார். திட்டியதுபோலவும் இருந்தது, வாங்கோ என்று கூப்பிட்டதுபோலவும் இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் இடது கையை எனக்கு நீட்டினார்.

"இந்தப் பக்கம் வா. இனி இங்க ஆரும் இல்ல."

அவருடைய இடப்பக்கம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பும் தோலுமான கை. வாசலுக்குத்தான் போகிறோம் என்று நினைத்தேன். அவர் என்னை எதிர்ப்பக்கம் நடத்திக்கொண்டு போனார். உயரமான வட்டத் தட்டுக்கு முன்னால் நிறுத்தினார். தட்டின் ஓரத்தில் மெழுகுதிரி வைக்கிற ஒரு குழி, மற்றவற்றைவிட மெழுகு படிந்து கறுத்திருந்தது.

"இதுதான் அவர்ட இடம். அம்மா வைச்சா, நான் வைச்சன். வெறுமையாக் கிடக்கப்படாது" என்றார். மிச்சமிருந்தவற்றில் ஒரு மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "உன்ட தம்பிக்கு என்ன பேர்?"

அந்தப் பெயரைக் கடையில் யாரிடமும் சொல்லி எவ்வளவோ காலம்.

"குகன்."

அவர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. நான் திருத்தினேன். மறுபடியும் சொன்னார். அம்மா வாசலில் நின்று பின்னேரத்தில் கூப்பிடுகிற மாதிரி வரும்வரை சொல்லிப் பார்த்துவிட்டு, மெழுகுதிரியைப் பற்றவைத்து, இருக்கிறவர்களின் தட்டில் அவனை நிறுத்தினார்.